ஒரு கட்டை விரலுக்கு 82 ஆயிரம் டாலர்!
செல்போன் பொம்மைகளால் வரும் வம்பு

ஒரே ஒரு கட்டை விரல். அதுவும் நிஜ விரல் அல்ல. செல்போனில் தட்டி விட்ட விரல் படம். அதற்காக கனடா நாட்டு விவசாயி ஒருவர் 82 ஆயிரம் டாலர் கட்ட வேண்டி வந்தது. நம்ம ஊர் பணத்தில் சுமார் 50 லட்சம் ரூபாய்!

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்தது இது. தானியம் வாங்கும் கம்பெனி ஒன்று, 86 டன் ஆளி விதைக்கு ஒப்பந்தம் எழுதி, அதைப் படம் பிடித்து விவசாயியின் போனுக்கு அனுப்பியது. "உறுதி செய்யவும்" என்று கேட்டது. விவசாயி பதிலுக்கு ஒரு கட்டை விரல் போட்டார். சரக்கு கொடுக்க வேண்டிய மாதம் வந்தபோது விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறி இருந்தது. சரக்கு வரவில்லை. கம்பெனி கோர்ட்டு படி ஏறியது.

விரல் போட்டது 'பார்த்தேன்' என்பதற்குத்தான், 'சம்மதம்' என்பதற்கு அல்ல என்று விவசாயி வாதாடினார். ஜட்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு முன்பும் 'ஓ.கே.', 'சரி' என்று ஒற்றை வார்த்தை போட்டே அவர் பல தடவை சரக்கு கொடுத்திருக்கிறார். அதே வழக்கத்தில் போட்டதுதான் இந்த விரலும் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. அப்பீல் செய்தார். 2024-ல் அங்கேயும் அதே கதை.

இது எங்கோ கனடாவில் என்று பாரிமுனை வியாபாரிகளும் கோயம்பேடு மண்டிக்காரர்களும் சும்மா இருக்க முடியாது. "அண்ணாச்சி, நாளைக்கு 10 மூட்டை, பழைய விலைதான்" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார் ஒருவர். அண்ணாச்சி கல்லாவில் கூட்டம். பேச நேரம் இல்லை. ஒரு விரலைத் தட்டி விடுகிறார். பார்த்தேன் என்றா? பழைய விலைக்கே தருகிறேன் என்றா? மறுநாள் லாரி வந்து நின்ற பிறகுதான் தகராறே ஆரம்பம். மின்னணு முறையில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று நம் நாட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே 10-ஏ பிரிவு இருக்கிறது. விரல்தானே என்று நினைப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நம்ம ஐகோர்ட்டில்...

சென்னை ஐகோர்ட்டுக்கும் ஒரு கட்டை விரல் வந்தது. ரெயில்வே பாதுகாப்புப் படையில் அதிகாரி ஒருவர் மேகாலயாவில் கொலையான தகவல் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு ஒரு கான்ஸ்டபிள் கட்டை விரல் போட்டார். கொலையைக் கொண்டாடுகிறாயா என்று வேலையை விட்டே நீக்கி விட்டார்கள். கோர்ட்டு என்ன சொன்னது? விரல் போடுவது கொண்டாட்டம் ஆகாது, 'ஓ.கே., பார்த்து விட்டேன்' என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. வேலை திரும்பக் கிடைத்தது. 2024-ம் ஆண்டு இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சும் அதை உறுதி செய்தது.

பாருங்கள் வேடிக்கையை! கனடாவில் அந்த விரல் 'சம்மதம்'. சென்னையில் அதே விரல் 'பார்த்தேன்'. இரண்டு தீர்ப்பும் சரிதான். யார், யாருக்கு, எந்தச் செய்திக்குக் கீழே போட்டார் என்பதைப் பொறுத்துத்தான் பொம்மை பேசுகிறது.

கும்பிடு ஒன்று, அர்த்தம் ஐந்து

கைகூப்பும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ரோஜாப் பூ இருந்தால் காலை வணக்கம். அகல் விளக்கு இருந்தால் வெள்ளிக்கிழமை. கண்ணீர் விடும் முகம் இருந்தால் துக்கம். கடன் வாங்கியவர் மூன்று கும்பிடு வரிசையாகப் போட்டால், 'ஒரு வாரம் பொறுங்க சார்' என்று பொருள். கடன் கொடுத்தவர் அதே மூன்று கும்பிடைத் திருப்பிப் போட்டால், 'போதும் சாமி, பணத்தை எண்ணி வை' என்று பொருள்! இந்தப் படத்தைப் பெற்றெடுத்த ஜப்பானில் இதற்கு 'நன்றி', 'தயவு செய்து' என்றுதான் வழக்கு. இங்கே வந்ததும் அதை வணக்கம் ஆக்கி, வசூலுக்கும் பழக்கி விட்டார்கள் நம்மவர்கள்.

'எமோஜி' என்ற பெயரே ஜப்பான் மொழிதான். 'ஏ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. 1999-ல் ஷிகெடாகா குரிடா என்பவர் அங்குள்ள டோக்கோமோ டெலிபோன் கம்பெனிக்காக 176 படங்கள் வரைந்து கொடுத்தார். இன்றைக்கு அது 3 ஆயிரத்து 700-ஐத் தாண்டி விட்டது. தமிழில் எழுத்து மொத்தம் 247! அதையே ஒழுங்காக எழுத வராத பிள்ளைகள், இந்தப் பொம்மைகளில் நான்கைக் கோத்து ஒரு முழு வாக்கியம் பேசி விடுகிறார்கள். அதற்கு சபாஷ் போடத்தான் வேண்டும்.

சாயங்காலம் 4 மணிக்கு ஆபீசில் டீ கப், ஓடுகிற ஆள், கேள்விக்குறி. 'டீக்கு வர்றியா, சீக்கிரம்' என்று குமாஸ்தாவுக்குப் புரிகிறது. மானேஜர் எட்டிப் பார்த்தால் இரண்டு கண் மட்டும் போகிறது. டீ கூட்டம் கலைந்து விடும். ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு ஆள்காட்டி விரல், 'கேட்கட்டுமா வேண்டாமா' என்று கூச்சப்படும் வாலிபரின் கை. நெருப்பு படத்துடன் 100 மார்க் இருந்தால் படம் அமோகம் என்று அர்த்தம். தியேட்டரில் தீ என்று பயந்து விடக்கூடாது!

கத்தரிக்காய் படம் மட்டும் ஜாக்கிரதை. மேல்நாட்டு இளவட்டங்கள் அதற்கு விவகாரமான அர்த்தம் வைத்திருக்கிறார்கள். மண்டிக்காரர் போட்டால் காய்கறி. காலேஜ் பையன் போட்டால் கேஸ்!

அழுகையா? சிரிப்பா?

பெரிய ரகளை நடப்பது துக்க வீட்டில்தான். 'பெரியப்பா காலமானார்' என்று குடும்பக் குழுவில் செய்தி வருகிறது. அறுபது வயதைத் தாண்டியவர், கண்ணாடி போடாமல், கண்ணீர் வழிகிறதே என்று ஒரு முகத்தைத் தட்டுகிறார். அது விழுந்து விழுந்து சிரித்துக் கண்ணீர் விடும் முகம்! பக்கத்தில் இருப்பதுதான் கதறி அழும் முகம். கடுகு அளவு படத்தில் வித்தியாசம் என்ன தெரியும்? அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று போக இது ஒன்று போதும்.

இதில் கூத்து என்னவென்றால், பேரன் பேத்திகள் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். கதறி அழும் முகம் அவர்களுக்குச் சிரிப்பு. தாத்தா சிரிப்பை அழுகை என்கிறார், பேரன் அழுகையைச் சிரிப்பு என்கிறான். மண்டை ஓடு படமும் அப்படித்தான். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் 'அபாயம்' பலகையில் பார்த்துப் பழகிய பெரியவருக்கு அது சாவு. பிள்ளைகளுக்கு 'சிரிச்சே செத்தேன்'. சாதாரணப் புன்னகை முகத்தை அப்பா மரியாதைக்குப் போடுகிறார். 'அப்பா கோபமா இருக்காரா?' என்று மகள் அம்மாவிடம் கேட்கிறாள்.

இதற்காகப் பெரியவர்களைப் படம் பிடித்துக் கேலி செய்கிறார்களே, அதுதான் அநியாயம். அர்த்தத்தை மாற்றியது யார்? சொல்லிக் கொடுத்தது யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, 'இது அழுகை, இது சிரிப்பு' என்று காட்டினால் வீட்டுச் சண்டை பாதி குறையும்.

ஆபீசுகளும் திருந்த வேண்டும். அந்தச் சிரித்துக் கண்ணீர் விடும் முகத்துக்கே ஒரு போலீஸ் வழக்கு போடப்பட்டது. அரசு தொலைபேசி ஊழியர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டதாக ஒரு பெண் அதிகாரி புகார் கொடுத்தார். 2018-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை, மனதில் பட்டதைத் தெரிவிக்கும் படம்தான் அது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. கோர்ட்டு வரை போக வேண்டிய சமாச்சாரமா இது? நேரில் கூப்பிட்டு 'என்னப்பா இது?' என்று கேட்டால் முடிந்து போகும். ஆனால் சிவப்பு ஹார்ட்டு படத்தை உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு ராத்திரி 11 மணிக்கு அனுப்பி விட்டு, 'கை தவறிப் பட்டது மேடம்' என்று நழுவும் பேர்வழிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அணில் போட்டு வீடு பிடித்தவர்கள்

இஸ்ரேலில் ஒரு வழக்கு. வாடகைக்கு வீடு தேடிய ஜோடி ஒன்று, வீட்டுக்காரருக்கு 'வீடு வேண்டும், பேசலாம்' என்று எழுதி, கூடவே சிரிக்கும் முகம், நடனமாடும் பெண்கள், இரட்டை விரல், வால் நட்சத்திரம், அணில், ஷாம்பெயின் பாட்டில் என்று வரிசையாகப் போட்டது. அணில் எதற்கு என்று கேட்காதீர்கள்! இவ்வளவு குஷியாக இருக்கிறார்களே என்று வீட்டுக்காரர் விளம்பரத்தை எடுத்து விட்டார். ஜோடி அப்புறம் ஆளே காணோம். 2017-ல் கோர்ட்டு சொன்னது: இந்தப் படங்களால் ஒப்பந்தம் ஆகி விடவில்லை. ஆனால் வீட்டுக்காரரை நம்ப வைத்தது இவைதான். கட்டு 8 ஆயிரம் ஷெக்கல்! நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்.

மாம்பலத்திலும் மடிப்பாக்கத்திலும் வீட்டுக்காரருக்குக் கும்பிடும் பூச்செண்டும் போட்டு விட்டு, நாலு தெரு தள்ளி வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்! அந்த நாட்களுக்கு வாடகை யார் தருவது?

பணம், சாவு, சம்பந்தம். இந்த மூன்றுக்கும் பொம்மை வேண்டாம். 'விலை சம்மதம், நாளை அனுப்புகிறேன்' என்று தட்ட எத்தனை வினாடி ஆகும்? 'ஆழ்ந்த இரங்கல் அண்ணே, சாயங்காலம் வர்றேன்' என்று சொல்ல விரல் நோகுமா? மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்து விட்டுப் போய், பதிலுக்கு வெறும் கும்பிடு ஒன்று அனுப்புகிறார்கள். சரி என்பதா, வேண்டாம் என்பதா? பெண்ணைப் பெற்றவர் அந்தப் படத்தைத் தெருவெல்லாம் காட்டி அர்த்தம் கேட்கிறார்.

தவறான படம் போய் விட்டால் அழித்து விடலாம் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அழிக்கலாம்தான். ஆனால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அந்த இடத்தில் ஒரு வரி நிற்கும். துக்க வீட்டுக் குழுவில் அதைப் பார்த்த அத்தை சும்மா இருப்பாரா? "என்னத்தைப் போட்டு அழிச்சே?" என்று உடனே போன் வரும்.