கார்பெட்டில் ரெட் ஒயின் கொட்டிவிட்டதா? முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள்!

கிறிஸ்துமஸ் விருந்து. பிளம் கேக் தட்டு கைமாறும்போது முழங்கை இடித்து, டீபாய் மேலிருந்த ஒயின் கிளாஸ் சாய்கிறது. கிரீம் நிற கார்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அடுத்த நொடியே ஆலோசனைகள் ஆரம்பம். ‘அண்ணி, உப்பைக் கொட்டுங்க’ என்று ஒரு குரல். ‘சுடுதண்ணி ஊத்தித் தேய்ம்மா, போயிடும்’ என்று மாமியார். ‘வொயிட் ஒயின் ஊத்தினா ரெட் ஒயின் போயிடும்னு ரீல்ஸ்ல பார்த்தேனே’ என்று கல்லூரியில் படிக்கும் பையன். மூன்றையும் செய்து முடிக்கும்போது, உள்ளங்கை அளவிலிருந்த கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருக்கும்.

பல வீடுகளில் ஒயினைவிட இந்த அவசர வைத்தியம்தான் கார்பெட்டை அதிகம் கெடுக்கிறது. அது அப்பா காஷ்மீரிலிருந்து ஆசையாக வாங்கிவந்த கம்பளமாக இருக்கலாம். வெளிநாட்டு வாடகை வீட்டில் சுவர் முதல் சுவர் வரை விரித்து ஒட்டிய கார்பெட்டாக இருந்தால், காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் தொகையில் கை வைப்பார்கள். எனவே, கறை பட்ட முதல் பத்து நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

‘எங்கள் வீட்டில் ஒயினுக்கு வேலையே இல்லை’ என்பவர்களும் தொடர்ந்து படிக்கலாம். பன்னீர் திராட்சை ஜூஸ், நாவல் பழம், மாதுளை எல்லாவற்றுக்கும் நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்து நிறமிகள்தான். கறை எடுக்கும் முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பழைய வேட்டி இருக்கிறதா?

முதல் வேலை, ஒற்றி எடுப்பது. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வெள்ளைப் பருத்தி வேட்டி இதற்கு அருமையான துணி. பழைய வெள்ளை பனியன், துண்டும் சரிதான். புது வேட்டி வேண்டாம். கஞ்சி போட்ட துணி ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. பூப்போட்ட டிஷ்யூ பேப்பரும் வேண்டாம், அதன் சாயம் இறங்கி இன்னொரு கறை சேர்ந்துகொள்ளும்.

துணியை நான்காக மடித்து, கறையின் வெளி விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் கறை வெளிப்பக்கம் ஓடும். துணி சிவந்ததும் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் போதாது என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு துணியின் மேல் ஏறி நிற்கலாம். துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை இதையே செய்யுங்கள். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும் இந்த வேலையிலேயே பெரும்பங்கு ஒயின் வெளியே வந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் பிரஷ்ஷைத் தேடி ஓடுகிறார்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் இழைகள் பிரிந்து பஞ்சுபோல எழும்பிவிடும். கறை போனாலும் அந்த இடம் தனியாகத் தெரியும்.

அடுத்து, குளிர்ந்த தண்ணீர். ஊற்றக் கூடாது, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மறுபடி ஒற்ற வேண்டும். சுடுதண்ணீர் பக்கமே போகாதீர்கள். சூடு பட்டால் நிறம் இழையோடு இறுகிவிடும். ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டிக்கும் இதே தடைதான்.

வொயிட் ஒயின் விஷயம்? அது சிவப்பை நீர்க்கச் செய்கிறது, அவ்வளவுதான். அதே வேலையைக் குழாய்த் தண்ணீர் இலவசமாகச் செய்யும். சோடா பாட்டிலைத் திறந்து ஊற்றுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

உப்பு ஓரளவு உதவும். கறை ஈரமாக இருக்கும்போது மேலே தூவினால் கொஞ்சம் ஒயினை இழுத்துக்கொள்ளும். ஆனால், துணியால் ஒற்றுவதைவிட அது மேலானது இல்லை. இழைகளுக்குள் தங்கிவிட்டால் பிறகு எடுப்பதும் சிரமம்.

கறை திடீரென நீலமானால்...

சிலர் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசுவார்கள். சிவப்புக் கறை கண்ணெதிரே நீலமும் சாம்பலும் கலந்த நிறமாக மாறும். ‘ஐயோ, புதுக் கறை’ என்று பதற வேண்டாம். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுகிறதே, அதே வேதியியல்தான் இங்கே தலைகீழாக நடக்கிறது. ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் காட்டும். சோடா காரம், வினிகர் புளிப்பு. நிறம் மாறியதே தவிர, கறை அங்கேயேதான் இருக்கிறது.

அதனால் சோடாவைவிட வெள்ளை வினிகரே நல்ல தேர்வு. ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர், கால் டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். லிக்விட் விஷயத்தில் கை தாராளம் வேண்டவே வேண்டாம். நுரை முழுதாக வெளியே வராமல் தங்கினால், அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, ஒரே மாதத்தில் அதே இடம் கறுத்துவிடும். இந்தக் கலவையைத் துணியில் நனைத்து ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு, மூன்று முறை செய்யலாம். கடைசியில் வெறும் தண்ணீரால் ஒருமுறை.

உங்கள் கார்பெட் கம்பளியா, நைலானா?

இதற்கு மேல் போவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். பின்பக்க லேபிளில் இருக்கும். லேபிள் இல்லையா? ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை எடுத்து, இடுக்கியில் பிடித்து, சமையலறை சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகிய நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிந்த வாசனை என்றால் பருத்தி அல்லது சணல். உருகிச் சுருண்டு, கெட்டியான மணிபோல ஆனால் நைலான், பாலியெஸ்டர் வகை. கலப்பு இழையும் உண்டு. இங்கிலாந்து வீடுகளில் 80 சதவிகிதம் கம்பளி, 20 சதவிகிதம் நைலான் கலந்த கார்பெட் சகஜம். அதைக் கம்பளியாகவே நடத்துங்கள்.

வெளிர் நிற நைலான், பாலியெஸ்டர் கார்பெட் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு கைகொடுக்கும். இது நிறமியின் மூலக்கூறையே உடைத்து நிறமற்றதாக்கிவிடும். பிறகு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். தேவைப்படுவது 3 சதவிகிதக் கரைசல். நம் ஊர் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவிகிதம், பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்றும் இருக்கும். அதற்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தால் சரியாக இருக்கும். அரை டம்ளர் கரைசலில் சில சொட்டு பாத்திர லிக்விட் சேர்த்து, சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். கார்பெட்டின் நிறம் மாறவில்லை என்றால் மட்டும் கறையில் விட்டு, அரை மணி நேரம் கழித்துத் தண்ணீரால் ஒற்றி எடுக்கலாம். கையுறை அவசியம். மிச்சக் கரைசலைக் கொட்டிவிடுங்கள்; மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

கம்பளி, பட்டு, அடர் நிற கார்பெட்டுகளுக்குப் பெராக்சைடு வேண்டாம். கையால் முடிச்சுப் போட்டு நெய்த காஷ்மீர், பதோஹி கம்பளங்கள் என்றால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, கார்பெட் வாஷ் தெரிந்த ஆளிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். அதற்காகும் செலவு, கம்பளத்தின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சை எந்த கார்பெட்டிலும் தொட வேண்டாம். கம்பளி இழையை அது கரைத்தே விடும். அதைவிட முக்கியம், பிளீச்சோடு வினிகரோ டாய்லெட் கிளீனரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய ஏசி அறையில் இது உயிருக்கே ஆபத்து. ‘எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து பார்ப்போம்’ என்ற யோசனையை வீட்டில் யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். வினிகரையும் பெராக்சைடையும்கூட ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது. கண்ணையும் தோலையும் அரிக்கும் அமிலம் உருவாகும். வினிகர் போட்டிருந்தால், தண்ணீரால் நன்றாக ஒற்றி எடுத்த பிறகே பெராக்சைடு.

மறுநாள் காலை மீண்டும் கறையா?

இரவு சுத்தமாகத் தெரிந்த இடத்தில் காலையில் இளஞ்சிவப்பு வட்டம் எட்டிப் பார்க்கும். பலர் மனம் உடைவது இங்கேதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அடியில் தங்கிய ஒயின் ஈரம் காயக் காய இழை வழியே மேலே ஏறுகிறது. தண்ணீரை அதிகமாக ஊற்றியிருந்தால் இது நிச்சயம் நடக்கும். அடிப்பக்கம் சணல் வைத்த கார்பெட் என்றால், சணலின் பழுப்பு நிறமும் சேர்ந்து மேலே வரும்.

இதைத் தடுக்க, வேலை முடிந்ததும் ஈரமான இடத்தின் மேல் வெள்ளைத் துணியை அரை அங்குல கனத்துக்கு மடித்துப் போடுங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் கனமான புத்தகங்களோ, தண்ணீர் நிரப்பிய குக்கரோ வைத்து இரவு முழுக்க விடுங்கள். மேலே ஏறும் கறை கார்பெட் நுனியில் தங்காமல் துணிக்குப் போய்விடும். காலையில் துணியை எடுத்துவிட்டு ஃபேனைப் போட்டுக் காயவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகுதான் அந்த இடத்தில் நடக்கலாம். வேக்குவம் கிளீனரும் அப்போதுதான்.

கறை பட்டு ஒரு வாரம் ஆகிவிட்டதா? முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, வினிகர் கலவையிலிருந்து தொடங்குங்கள். நிறம் மங்கும், முழுதாகப் போவது சந்தேகம்தான்.

சாம்பார், குருமா கொட்டியவர்கள் மேலே சொன்ன எதையும் முயற்சிக்க வேண்டாம். மஞ்சள் வேறு ஜாதி. சோப்பு பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.