சுருங்கத் தெரிந்த ஊர்

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது, ஒரு நாட்டின் எல்லைக்குள் குறிப்பிட்ட காலத்தில் உற்பத்தியான இறுதிப் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மதிப்பு. மே மாதக் கடைசியில் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இதன் ஆண்டுக் கணக்கை வெளியிடும். மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் பச்சை நிற அம்பு ஒன்று மேல்நோக்கி ஏறும். இந்த வாரமும் ஏறியது. அதே நாளிதழின் உள்பக்கத்தில், வட்டாரச் செய்திகளுக்கு நடுவே, முழங்கால் சேற்றில் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு நிற்கும் கூட்டம் ஒன்றின் படம் அச்சாகியிருந்தது. அம்புக்கு அரைப் பக்கம், மீன்பிடித் திருவிழாவுக்குத் தபால்தலை அளவு. இந்தப் பத்தியின் இந்த வார எரிச்சல் அங்கே தொடங்குகிறது.

தேசிய வருமானக் கணக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சைமன் குஸ்நெட்ஸ். அதை வைத்து மக்களின் நல்வாழ்வை ஊகிக்க முடியாது என்று 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையிலேயே அவர் எச்சரித்தார். உலகம் எண்ணை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை அங்கேயே விட்டுவிட்டது. ஊர் கூடிக் கண்மாயின் வரத்துக்காலைத் தூர்வாரினால் அது பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது. கால் தூர்ந்து, கண்மாய்க்குத் தண்ணீர் வராமல், ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டால் ரிக் வண்டி வாடகை, குழாய், மோட்டார் எல்லாம் ஏறும். இரண்டு கிணறு பொய்த்து மூன்றாவதில் தண்ணீர் கண்டால் அம்பு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

வளர்ச்சியை நம்பிக் கட்டிய சந்தைக்குச் சுருங்கத் தெரியாது. வாங்கிய கடன் வட்டியோடு திரும்ப வேண்டும். எந்திரம் வந்து வேலை இழந்தவருக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும். இரண்டுக்கும் சந்தை ஒவ்வோர் ஆண்டும் விரிந்தாக வேண்டும். விரியாத ஆண்டுக்குப் பொருளாதார நூல்களில் மந்தம், தேக்கம், வீழ்ச்சி என்று பெயர்கள் உண்டு. அந்த ஆண்டை எப்படி வாழ்வது என்பதற்கான முறை அங்கே இல்லை.

அந்த முறையைத் தேடும்போது குமரப்பா பக்கம் போகாமல் முடியாது. ஜே.சி.குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை கற்று, அமெரிக்காவில் சைரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தவர். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேய அரசின் வரி, செலவு முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அவருடைய கட்டுரையே 1929இல் அவரைக் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் வரவுசெலவு எடுக்கும் வேலையைக் காந்தி அவரிடம் ஒப்படைத்தார். மேல்நாட்டு உடையில் வந்த தணிக்கையாளர் கதருக்கு மாறினார். 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். வார்தாவின் மகன்வாடி அவருடைய பட்டறை ஆனது.

'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' 1945இல் வெளிவந்தது. ஜபல்பூர் சிறையில் எழுதிய நூல். அதில் குமரப்பா இயற்கை வளத்தை இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம், தாது ஆகியவை தேங்கிக் கிடக்கும் இருப்பு. எடுக்க எடுக்கத் தீரும். காடும் பயிரும் ஓடிக்கொண்டே இருப்பவை. வளர்கிற அளவுக்கு மேல் எடுக்காதவரை தீராது. இருப்பை நம்பிய பொருளாதாரம் தற்காலிகமானது, அதற்காகச் சண்டையும் வரும் என்பது அவர் முடிவு. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது எழுதியவருக்கு இதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. மகன்வாடியில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கை உருவாக்கியதும் இதே கணக்கில்தான். தணிக்கையாளர் புத்தி எங்கேயும் போகாது: வரவில் செலவழி, முதலில் கைவைக்காதே.

அதே நூலில் பொருளாதாரங்களை ஐந்து படிகளாக அவர் வரிசைப்படுத்துவதும் உண்டு. ஒட்டுண்ணிப் படிக்குப் புலி, கொள்ளைப் படிக்குக் குரங்கு, கூட்டுவாழ்வுக்குத் தேனீ, தொண்டுக்குத் தாய் என்று உவமைகள் நீள்கின்றன. புலியை ஒட்டுண்ணி என்றதை உயிரியல் ஆசிரியர் எவரும் ஒப்பமாட்டார். நூலின் பலவீனமான பகுதி அதுதான். ஆனாலும் மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படுவதும் அதுதான். இருப்பு, ஓட்டம் என்ற பிரிவினையோ இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்த குமரப்பா சில மாதங்களிலேயே விலகினார். கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளன்று, காலமானார். பொருளாதார அறிஞர் ஷுமாகர் 1973இல் வெளியிட்ட 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில் குமரப்பாவின் ஒரு பத்தி மேற்கோளாக வருகிறது. தஞ்சாவூர்க்காரரைத் தமிழ் வாசகர்களில் பலர் அந்த ஜெர்மானியர் வழியாகத்தான் அறிந்துகொண்டார்கள்.

குமரப்பா நூலில் இல்லாத ஒன்று கொண்டாட்டம். சிக்கனம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, தொண்டு இருக்கிறது, விருந்து இல்லை. அந்த இடத்தை நிரப்பியவர் டேவிட் ஃப்ளெமிங் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர். பல ஆண்டுகள் எழுதித் திருத்திக்கொண்டே இருந்து, அச்சில் பார்க்காமல் 2010இல் இறந்துபோனார். அகராதி வடிவில் அவர் எழுதிய 'லீன் லாஜிக்' நூலும், அதிலிருந்து தொகுத்த 'சர்வைவிங் தி ஃபியூச்சர்' நூலும் 2016இல் வந்தன. சந்தை தளரும் நாளில் மக்களைச் சேர்த்துப் பிடிப்பது பண்பாடு; அந்தப் பண்பாட்டுக்குத் திருவிழா அலங்காரம் அல்ல, அடித்தளம் என்பது அவர் வாதம். வேலையும் கொடுக்கல் வாங்கலும் கேளிக்கையும் ஒன்றோடொன்று பின்னிய ஊர்தான் அதிர்ச்சியைத் தாங்கும் என்கிறார்.

அம்பை இங்கே விட்டுவிட்டுத் தபால்தலைப் படத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. பெரும்பாலானவை மழையை நம்பியவை. ஒன்றின் கலிங்கு வழியும் தண்ணீர் அடுத்ததற்குப் போய்ச் சேரும் சங்கிலியாக அமைந்தவையும் ஏராளம். கண்மாய் ஆண்டுதோறும் நிறையும் என்று யாரும் வாக்குத் தரவில்லை. ஆகவே கண்மாய்ப் பாசனம் வளர்ச்சியை எதிர்பார்த்து அமைந்த ஏற்பாடாக இருக்க வழியே இல்லை. குறைகிற ஆண்டுக்கான விதிதான் அதன் உயிர்நாடி.

முன்பெல்லாம் தண்ணீர் நிறைந்திருக்கும்போது விதிகள் தளர்ந்திருக்கும். குறைந்தவுடன் ஊர்க்கூட்டம் கூடும். அதன்பின் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கும் உரிமை நிலக்காரருக்கு இருக்காது, நீர்க்கட்டிக்கு மட்டுமே. நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். பல ஊர்களில் இந்த வேலை நிலமற்ற குடும்பத்திடம் இருந்தது. சொந்த வயல் இல்லாதவர் யார் வயலுக்கும் சாயமாட்டார் என்ற காரணம் சொல்லப்படும். இலங்கையின் வறண்ட பகுதிக் குளங்களில் 'பெத்ம' என்ற முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அருகிலுள்ள வயல்களில் மட்டும் பயிர் வைப்பார்கள். அந்த வயல்களைத் தொலைவில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். பத்திரத்தில் இருக்கும் உரிமை ஒரு போகத்துக்குத் தூங்கும்.

பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று கேரட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. எல்லை தெளிவாக இருந்து, கண்காணிக்க ஆள் இருந்து, மீறினால் படிப்படியாகத் தண்டனை இருந்தால் பொதுச் சொத்து நூற்றாண்டுகள் தாங்கும் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் ஊர்களின் சான்றோடு மறுத்தார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மடையருகே உட்கார்ந்திருக்கும் நீர்க்கட்டி இந்த மூன்று நிபந்தனைகளில் கண்காணிப்பை ஒற்றை ஆளாக நிறைவேற்றியவர்.

வற்றுகிற கண்மாய்க்கு விதி மட்டுமல்ல, விழாவும் உண்டு. மேலூர், நத்தம், சிங்கம்புணரி, பொன்னமராவதி வட்டாரங்களில் கோடையில் தண்ணீர் இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். சேதி பக்கத்து ஊர்களுக்கும் போகும். விடியுமுன்பே கரை நிறைந்துவிடும். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் இறங்கக்கூடாது. துண்டு அசைந்ததும் ஊத்தா, கச்சா, வலை, கூடை, வெறுங்கை என்று அவரவர் வசதிப்படி இறங்குவார்கள். விராலும் கெளுத்தியும் கட்லாவும் சிக்கும்; சிலருக்குச் சேறு மட்டும் சிக்கும். பிடித்த மீனை விற்கக்கூடாது என்பது வழக்கம். அன்று ஊரெல்லாம் மீன் குழம்பு. விழா நடந்தால் அடுத்த பருவத்தில் மழை உண்டு என்ற நம்பிக்கை.

நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இதில் கணக்கு இருக்கிறது. இன்னும் சில வாரங்களில் தண்ணீர் சுண்டிச் செத்து நாறப்போகும் மீன், வீணாகாமல் பல ஊர்க் குழம்பாகிறது. கண்மாயின் அடி எங்கே மேடிட்டிருக்கிறது, மடை எப்படி இருக்கிறது என்பதை நூற்றுக்கணக்கானோர் காலால் தெரிந்துகொள்கிறார்கள். இந்த வாரம் இங்கே வந்த வெளியூர்க்காரர்கள் அடுத்த வாரம் தங்கள் கண்மாய்க்கு அழைப்பார்கள். ஒரே சங்கிலியில் தண்ணீர் வாங்கும் ஊர்களுக்கு இந்த உறவு சண்டை நாளில் உதவும். இருப்பு குறைந்துபோன நாளைத் துக்க நாளாக்காமல் விருந்து நாளாக்கிய அறிவு, காலாண்டு அறிக்கை எழுதுவோருக்கு இன்னும் வாய்க்கவில்லை. விற்காத மீன் என்பதால் அதைத் தனியாக எழுதி வைப்பாரும் இல்லை.

இங்கேயே நிறுத்தினால் அது பொய்யாகும். குமரப்பாவின் கிராமத்தில் சாதி மங்கலாகத்தான் தெரியும்; உண்மையான கிராமத்தில் அது நடுவில் நிற்கும். உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததை முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, சொல்கின்றன. வாரியத்துக்குத் தகுதி நிலமும் வீடும் வேதக் கல்வியும் என்பதையும் அவையே சொல்கின்றன. மண் சுமந்தவர்கள் வாரியத்துக்கு ஆள் எடுத்த குடவோலையில் இல்லை. கண்மாயை ஊரே பழுதுபார்க்கும் குடிமராமத்து எல்லாரும் விரும்பிச் செய்த ஊர்ப்பணி என்ற சித்திரத்துக்கு 1858இல் சென்னை மாகாணத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம் இடைஞ்சலாக நிற்கிறது. விரும்பிச் செய்கிற வேலைக்குச் சட்டம் எதற்கு? நீர்க்கட்டிகளில் பலர் தலித்துகள். தண்ணீரைப் பங்கிட்ட அதே கை, ஊரின் இழிவேலைகளுக்கும் கட்டுப்பட்டிருந்தது. டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட 'தி ரூல் ஆஃப் வாட்டர்' இதைக் கிழக்குச் சீமையின் கண்மாய்களை வைத்து விரிவாகக் காட்டுகிறது. கிராமத்தைப் போற்றியவர்களுக்கு அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று சொன்ன பதில் குமரப்பா அன்பர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. படித்தபின்பும் இருப்பு, ஓட்டம் பற்றிய பாடம் அழிவதில்லை. அதைச் சுமக்கும் ஊர் எது என்ற கேள்விதான் கூடுகிறது.

கண்மாய் ஏற்பாட்டைக் குலைத்தது நிலமற்றவர்களின் எதிர்ப்பு அல்ல; நிலமுள்ளவர்களின் வெளியேற்றம். பம்புசெட்டும் பிறகு ஆழ்துளைக் கிணறும் வந்தபின், கிணறு உள்ளவருக்கு வரத்துக்கால் தேவைப்படவில்லை. அவர் ஊர்க்கூட்டத்துக்கு வருவது குறைந்தது. கால்களில் சீமைக் கருவேலம் ஏறியது. களத்தில் நெல் அளப்பது நின்றது. நீர்க்கட்டி வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள், போனது நியாயம். மீன் உரிமை பல கண்மாய்களில் ஏலத்துக்குப் போனது. குத்தகைக்காரர் அரித்து எடுத்த பிறகு மிஞ்சியதுதான் திருவிழாவுக்கு.

2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை 100 கோடி ரூபாயில் தொடங்கியது. பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. பொக்லைன் வந்தது, கரை உயர்ந்தது, பல இடங்களில் தண்ணீரும் நின்றது. குறைகிற ஆண்டில் யார் மடையைத் திறப்பது என்ற விதியைப் பொக்லைனால் தூர்வாரி எடுக்க முடியாது. அதற்கு அமைப்பு வேண்டும். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தது. அதில் உறுப்பினர் ஆவதற்கு ஆயக்கட்டில் நிலமோ குத்தகைப் பதிவோ இருக்க வேண்டும். வெள்ளைத் துண்டு அசைந்ததும் சேற்றில் இறங்குகிறவர்களில் பலருக்கு இரண்டும் கிடையாது.