பாதைக்கும் தேய்மானம் உண்டு

ரோடு பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. ஓசூர்ல இருந்துகிட்டு ரோடு பத்தி புலம்பாம இருக்கவும் முடியாது. ஆனா இன்னைக்கு நான் சொல்ல வந்தது ரோடே இல்லாத விஷயம். ஒத்தையடிப் பாதை, வண்டிப்பாதை. எங்க மத்திகிரி பக்கம் தமிழ் வீட்ல அது பாதை, தெலுங்கு வீட்லயும் கன்னட வீட்லயும் தாரி. மூணு மொழிக்காரங்க நடந்ததும் ஒரே தடம்தான். இப்போ மூணு பேருமே நடக்கிறதில்லை. பைக் இருக்கே!

நடக்காத பாதைக்கு என்ன ஆகும்? முதல் மழைக்கு பார்த்தீனியம். அடுத்த வருஷம் உண்ணிச்செடி. அப்புறம் பக்கத்து நிலத்துக்காரர் நாலு கல் நட்டு கம்பி இழுப்பார். கெலமங்கலம், தளி பக்கம்னா அங்கே ரோஜாவுக்கு ஒரு பசுமைக்குடில் வரும். ஓசூர் பக்கம்னா 'வீட்டுமனை விற்பனைக்கு' போர்டு வரும். செய்யிறவங்க எல்லாம் வில்லன் கிடையாதுங்க. சும்மா கிடக்கிற இடம்தானேன்னு ஒரு நினைப்பு, அவ்வளவுதான். செடி வெட்டி, பள்ளம் மூடி, ஆள் நடமாட்டம் இருந்திருந்தா அந்த நினைப்பே வந்திருக்காது. அதனால ஞாயித்துக்கிழமை அருவாளும் மண்வெட்டியுமா பாதையைச் சுத்தம் பண்ற நாலு பேரை 'ஏதோ சமூக சேவை'ன்னு தள்ளிவிட முடியாது. அந்தப் பாதை உயிரோட இருக்குன்னு அவங்க ஊருக்கே சாட்சி சொல்றாங்க.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. 1882ல் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, அடுத்தவர் நிலத்து வழியா நீங்க உரிமையோட, வெளிப்படையா, தடையில்லாம 20 வருஷம் போய் வந்தா அந்த வழியுரிமை உங்க நிலத்தோட ஒட்டிக்கும். அதே சட்டத்துல இன்னொரு பக்கமும் இருக்கு. 20 வருஷம் போகாம விட்டா போயிடும். (இது தனியார் நிலத்து வழிக்கு. அரசு புறம்போக்குல இருக்கிற ஊர்ப்பாதை வேற கணக்கு. அதை மறிச்சா 1905ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமே இருக்கு.)

நான் பி.காம். எனக்கு எதைப் பார்த்தாலும் பேரேடுதான் ஞாபகம் வரும். மூலதனச் செலவு, வருவாயினச் செலவுன்னு முதல் வருஷமே சொல்லித் தருவாங்க. நம்ம ஊர்ல மூலதனச் செலவுக்கு மட்டும்தான் கல்வெட்டு வைப்பாங்க. சிமெண்ட் ரோடு போட்டா பேர் பொறிக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை உண்ணிச்செடி வெட்டினதுக்கு யார் பேரைப் பொறிக்கிறது? என்.எஸ்.எஸ். 7 நாள் முகாம்லயும் இதே கதைதான். பாதையைச் சுத்தம் பண்ணுவோம், வரிசையா நின்னு போட்டோ எடுப்போம், அடுத்த வருஷம் வேற கிராமம். செடிக்கு இது நல்லாத் தெரியும் போல. நாங்க பஸ் ஏறினதும் வளர ஆரம்பிச்சிடும்.

நம்மகிட்ட இந்தப் பழக்கமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். குடிமராமத்து இருந்தது. 1858ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டமே போட்டாங்க. ஊர் வழக்கப்படி சேர்ந்து செய்ய வேண்டிய பாசன வேலைக்கு வராதவன், அந்த உழைப்போட மதிப்பு மாதிரி ரெண்டு மடங்கு கட்டணும்! ஏரிக்கும் வாய்க்காலுக்கும்தான் அந்த ஏற்பாடு, பாதைக்கு இல்லை. 2017ல் குடிமராமத்துங்கிற பேர் அரசுத் திட்டமா திரும்பி வந்தப்பவும் நீர்நிலைகளுக்குத்தான் வந்தது.

"வரி கட்டுறோம், பஞ்சாயத்து செய்ய வேண்டிய வேலையை நாம ஏன் செய்யணும்?" நண்பன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. 1994 ஊராட்சிகள் சட்டம் கிராமச் சாலைப் பராமரிப்பை ஊராட்சி தலையிலதான் வைக்குது. இங்கிலாந்துலயும் அப்படித்தான், 1980ம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டப்படி பொறுப்பு உள்ளாட்சிக்கு. ஆனா அங்கே 1949ல் வந்த ஒரு சட்டத்துக்கு அப்புறம் ஊர் ஊரா ஆளுங்க நடந்து போய் எது பொதுப்பாதைன்னு குறிச்சாங்க. அதையெல்லாம் சேர்த்து வரைபடம் ஆக்கினாங்க. இன்னைக்கு இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதை இருக்கு. தன்னார்வலர்கள் அந்த வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் புதர் வெட்டுறாங்க. நம்மகிட்டயும் அ-பதிவேடு இருக்கு, புலப்படம் இருக்கு, இணையத்துலயே கிடைக்குது. அதைப் பார்க்காம அருவாளை எடுத்துட்டுப் போனா, ரெண்டு மணி நேரத்துல நிலத்தகராறு ஆயிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். தன்னார்வலர்கள் யாரோட பாதையைச் சுத்தம் பண்ணுவாங்க? தங்க வீட்டுக்கு, தங்க தோட்டத்துக்கு, தங்க கோயிலுக்குப் போற பாதையை. 2019 ஆகஸ்ட்ல வாணியம்பாடி பக்கத்துல நாராயணபுரத்துல, இறந்துபோன ஒரு தலித்தோட உடலைப் பாலத்து மேலிருந்து கயிறு கட்டி இறக்கினாங்க. சுடுகாட்டுக்குப் போற வழியில இருந்த நிலத்துக்காரங்க விடலை. வீடியோ பரவின பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாவே வழக்கா எடுத்துக்கிச்சு. எந்தப் பொதுத்தெருவுலயும் பாதையிலயும் எந்த வகுப்பு மனுஷனும் நடக்கலாம்னு இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில தீர்மானம் கொண்டுவந்தது 1924ல். நடுவுல 95 வருஷம்! அந்த இடத்துல எந்தத் தன்னார்வக் குழு புதர் வெட்டியும் பிரயோஜனம் இல்லை, வெட்டுறதுக்கே அங்கே விட மாட்டாங்க. அங்கே வேண்டியது தாசில்தாரும் சர்வேயரும்.

மத்திகிரி முன்னாடி பேரூராட்சி, இப்போ ஓசூர் மாநகராட்சிக்குள்ள போயிடுச்சு. அதனால எங்களுக்குக் கிராமசபை கிடையாது. சுத்தி இருக்கிற ஊராட்சிகள்ல இருக்கிற நண்பர்களுக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு உங்க ஊர் வரைபடத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. காலனி சுடுகாட்டுக்குப் போற பாதை எந்த சர்வே நம்பர்ல இருக்குன்னு முதல்ல கேளுங்க. மத்த பாதைக்கெல்லாம் அப்புறமா அருவாளைத் தீட்டிக்கலாம்.