மலிவுக் கடை மறைந்த கதை

போன இதழில் மாதாந்திர மளிகைச் செலவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அரிசிக்கு ஓரிடம், காய்கறிக்கு ஓரிடம், அவசரத்துக்குத் தெருமுனைக் கடை என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் வரிசை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கைக்குழந்தைக்காரி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க்கா, ஒரே பெரிய கடையில எல்லாத்தையும் வாங்கிப் போட்டா முடிஞ்சுது. புள்ளையத் தூக்கிக்கிட்டு நாலு இடம் அலையச் சொல்றீங்களே?" என்றாள்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் சுபிக்ஷா கதையைச் சொல்லியாக வேண்டும். முப்பது வயதுக்கு உட்பட்ட சகோதரிகளில் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் சென்னையில் தடுக்கி விழுந்தால் சுபிக்ஷா கடை வாசலில்தான் விழ வேண்டும்!

1997-ல் சென்னை திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தார்கள். ஆரம்பித்தவர் ஆர். சுப்பிரமணியன். ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். அவர் பிடித்த யோசனை மிகவும் எளிமையானது. பளபளப்பு வேண்டாம், குளிர்சாதன வசதி வேண்டாம், பெரிய சாலையில் அதிக வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டாம். அதில் மிச்சமாகும் பணத்தை விலையில் குறைத்துக் கொடுத்துவிடலாம் என்பதுதான். வேளச்சேரியில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். குடியிருப்புத் தெருவுக்குள் சாதாரண கட்டடம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பற்பசை, சோப்பு, பருப்பு, எண்ணெய் எதை எடுத்தாலும் உறையில் அச்சிட்டிருக்கும் விலைக்குக் கொஞ்சம் கீழேதான் பில் வரும். நாத்தனார் அந்தப் பில்லை மடித்து டப்பாவில் போட்டு வைப்பாள், மாசக் கடைசியில் கூட்டிப் பார்ப்பதற்கு. அந்தச் சந்தோஷம் நமக்குத்தானே தெரியும்!

இப்படிக் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்று அன்றைக்கே யோசித்தேன். இதற்கு விடை நம்ம நாமக்கல் முட்டை வியாபாரத்தில் இருக்கிறது. ஒரு முட்டையில் நிற்கும் லாபம் பைசாக் கணக்குதான். ஆனால் சரக்கு தேங்காமல் தினமும் நகர்வதால் அந்தப் பைசாவே சோறு போடுகிறது. ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, நூற்றுக்கு இரண்டு ரூபாய் லாபத்தில் விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்று முடிக்க ஒரு மாசம் ஆனால் இரண்டாயிரம் கிடைக்கும். பத்தே நாளில் விற்றுவிட்டு மறுபடி வாங்கினால், அதே ஒரு லட்சம் மாசத்தில் மூன்று தடவை சுற்றி ஆறாயிரம் கொடுக்கும். சுபிக்ஷா செய்ததும் இதுதான். கம்பெனிகளுக்குக் கடன் சொல்லாமல் சீக்கிரம் பணத்தைக் கொடுத்தார்கள். ரொக்கம் கொடுப்பவருக்குத் தள்ளுபடி கூடுதலாகக் கிடைக்கும். அதில் ஒரு பங்கை நமக்குக் கொடுத்தார்கள். விலை குறைந்ததால் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் சரக்கு தேங்கவில்லை.

மருந்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்துக்குத் தள்ளுபடி கேட்பது என்பதையே நம் வீடுகளில் யாரும் அறிந்ததில்லை. அட்டையில் போட்டிருக்கும் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வருவோம். மருந்துக் கடைக்குச் சுமார் 16 முதல் 20 சதவீதம் வரை லாபம் வைத்துத்தான் அந்த விலையே போடப்படுகிறது. அதிலிருந்து 10 சதவீதத்தை வாடிக்கையாளருக்கு விட்டுக் கொடுத்தது சுபிக்ஷா. மற்ற மருந்து வியாபாரிகளிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. வீட்டில் சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாசாமாசம் மாத்திரை வாங்கும் பெரியவர்கள் இருந்தால், இந்தப் பத்து சதவீதம் எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு ஊருக்கு ஊர் மருந்துக் கடைகள் "10% தள்ளுபடி, 20% தள்ளுபடி" என்று போர்டு வைத்திருக்கின்றன. கடை போனாலும் அது காட்டிய வழி நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு எங்கே கெட்டது? நம் பாட்டிமார் சொல்லும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: அகலக்கால்.

சுமார் பத்து வருஷம் தமிழ்நாட்டுக்குள்ளேயே நிதானமாக வளர்ந்து, நூற்றுச் சொச்சம் கடைகள் வைத்திருந்தார்கள். 2006 வாக்கில் ரிலையன்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் மளிகை வியாபாரத்தில் இறங்கின. அவர்களுக்கு முன்னால் நாடு முழுக்க இடம் பிடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம் ஆரம்பித்தது. டெல்லி, மும்பை, குஜராத், ஆந்திரா, கர்நாடகா என்று திறந்துகொண்டே போய், 2008-ல் சுமார் 1,600 கடைகள் ஆகிவிட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த ஓட்டத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு கடை! வீட்டில் ஒரு பரண் அடிக்கவே ஆசாரியை மூன்று நாள் துரத்த வேண்டியிருக்கிறது. தினமும் இரண்டு கடை என்றால் யார்தான் நின்று மேற்பார்வை பார்த்திருக்க முடியும்? நடுவில் செல்போன் வியாபாரம் வேறு சேர்ந்துகொண்டது. 2008-ல் விப்ரோ அசீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனமே 230 கோடி ரூபாய் கொடுத்து 10 சதவீதப் பங்கு வாங்கியது என்றால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எவ்வளவு நம்பிக்கையாகத் தெரிந்திருக்கும், பாருங்கள்.

ஒவ்வொரு புதுக் கடைக்கும் முன்பணம் வேண்டும், அலமாரி வேண்டும், முதல் சரக்கு வேண்டும், ஆள் சம்பளம் வேண்டும். அந்தக் கடை காலூன்றி லாபம் தருவதற்குள் அடுத்த கடைக்கு முன்பணம். இது கடனில்தான் நடந்தது. சுமார் 750 கோடி ரூபாய் வங்கிக் கடன் சேர்ந்தது. 2008 கடைசியில் உலகம் முழுக்கப் பணமுடை. அமெரிக்காவில் பெரிய வங்கியே கவிழ்ந்த சமயம். புதுக் கடன் பிறக்கவில்லை. கையில் ரொக்கம் இல்லாததால் கம்பெனிகளுக்குப் பணம் போகவில்லை. பணம் போகாததால் சரக்கு வரவில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கியதால்தானே மலிவு? அந்த ஆணிவேரே அறுந்துபோயிற்று. அலமாரிகள் காலியாயின. காலி அலமாரிக்குக் கூட்டம் வராது; ஆனால் வாடகையும் வட்டியும் வந்துகொண்டேதான் இருக்கும்.

2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. சம்பள பாக்கியோடு ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். காவலுக்கு இருந்தவர்களும் கூலி வராமல் போய்விட்டதால், பல கடைகளில் புகுந்து இருந்ததையும் எடுத்துப் போய்விட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், அதே 2009 ஜனவரியில் இங்கிலாந்தில் நூறு வருஷப் பழமையான உல்வொர்த்ஸ் என்ற கடையும் சுமார் 800 கிளைகளை மூடியது. கடன் பாரம் தாங்காமல் விழுவதில் வெள்ளைக்காரன், நம்மவன் என்ற வித்தியாசம் இல்லை போலிருக்கிறது.

வாடிக்கையாளராகிய நமக்கு என்ன நஷ்டம்? பக்கத்துக் கடைக்குப் போய்விட்டோம். பில் போட்ட பெண்பிள்ளைகளுக்கு அப்படியில்லை. இந்த மாதிரி கடைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண்கள். வீட்டு வாடகைக்கும் தம்பி தங்கை படிப்புக்கும் அந்தச் சம்பளம்தான். சரக்குக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நின்றவர்களும் உண்டு. எல்லாரையும் விடக் கொடுமை, டெபாசிட் போட்டவர்கள் கதை. சுபிக்ஷாவை ஆரம்பித்தவரே விஸ்வபிரியா என்ற நிதி நிறுவனத்தையும் நடத்தினார். அதில் பணம் போட்டுத் திரும்பக் கிடைக்காதவர்களின் வழக்கில், 587 பேருக்குச் சுமார் 137 கோடி ரூபாய் மோசடி என்று சென்னை சிறப்பு நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொல்லி, அவருக்கு 20 வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. பொதுவாக இம்மாதிரித் திட்டங்களில் பணம் போடுகிறவர்கள் யார்? ஓய்வு பெற்ற பிறகு வந்த பணத்தை, வங்கியை விட இரண்டு ரூபாய் வட்டி கூட வருமே என்று போடுகிற பெரியவர்கள்தான்.

எல்லாப் பெரிய கடையும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கோவை வட்டாரத்துக் கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் தன் பக்கத்து ஊர்களோடு நின்று 29 கடைகள் வரை வளர்ந்து, 2020-ல் 152.5 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் கைக்குப் போனது. அது கௌரவமாகக் கைமாறியது. பம்பாய்க்காரர்களின் பிக் பஜார் 2001-ல் ஆரம்பித்து நாடெங்கும் கொடிகட்டிப் பறந்து, 2022-ல் கடன் தொல்லையில் மறைந்தது. திருவல்லிக்கேணியில் 1904-ல் ஆரம்பித்த டி.யு.சி.எஸ். கூட்டுறவுக் கடையோ நூறு வருஷம் தாண்டியும் இருக்கிறது. பகட்டு கிடையாது, அவசரமும் கிடையாது.

நம்ம ஊர்ப் பக்கமும் இதே பாடுதான், அளவு மட்டும் சின்னது. பெயர் வேண்டாம், ஒரு மளிகைக் கடைக்காரர் ஒரே வருஷத்தில் மூன்று கிளை திறந்தார். தீபாவளிச் சீட்டும் பிடித்தார். மாசம் 500 ரூபாய் கட்டினால் தீபாவளிக்கு மளிகை, பலகாரச் சாமான், ஒரு பாத்திரம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பதினோரு மாசம் கட்டினார்கள். பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது கடையில் பூட்டுத் தொங்கியது. 5,500 ரூபாய்! "கடையே கல்லு மாதிரி நிக்குது, சாமி படம் போட்ட அட்டை குடுத்தாரு, நம்பாம என்ன பண்றதுங்க?" என்று அழுதார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தேன். சாமி படம் இருந்தது. பதிவு எண் இல்லை.

அந்தக் கடையில் நடந்ததைப் பின்னால் நினைத்துப் பார்த்தால், அறிகுறி நம் கண்ணில் முதலிலேயே பட்டிருந்தது தெரிகிறது. அலமாரியில் இடைவெளி தெரியக் கூடாது என்று ஒரே சோப்பை மூன்று வரிசைக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அரை லிட்டர் எண்ணெய் கேட்டால் "நாளைக்கு வந்துரும்" என்றார்கள், நாளைக்கும் வரவில்லை. பில் போடும் பெண் மாசத்துக்கு ஒருத்தியாக மாறினாள். வங்கிக்காரர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், பையை எடுத்துக்கொண்டு போகும் நமக்கு இது தெரிந்துவிடும். பொருள் வாங்கலாம், தப்பில்லை. முன்பணமோ சீட்டோ கட்டும்போதுதான் இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

நகைக்கடைச் சேமிப்பில் ஏன் 11 மாசம் என்று வைக்கிறார்கள் தெரியுமா? பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை ஒரு வருஷத்துக்கு மேல் கம்பெனி வைத்திருந்தால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும், கட்டுப்பாடுகளும் கூடிவிடும். ஏலச்சீட்டு என்றால் 1982-ம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டெபாசிட் போட்டு ஏமாந்தவர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே 1997-ல் வந்தது, சுபிக்ஷா முதல் கடை திறந்த அதே வருஷம்! பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். அட்டை, ரசீது, பணம் அனுப்பிய செல்போன் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்தக் கைக்குழந்தைக்காரியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அரிசியும் பருப்பும் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மொத்தமாக, வீட்டுக்காரரை அனுப்பினால் போதும். காய்கறி, கீரை உழவர் சந்தையில். 1999-ல் ஆரம்பித்த திட்டம், நம்ம சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி எல்லா இடத்திலும் இருக்கிறது. சோப்பு, பற்பசை, குழந்தைக்கான சாமான்களைத் தள்ளுபடி தரும் பெரிய கடையில் வாங்கிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வாங்குகிறேன். தெருமுனைக் கடையில் மாசம் ஒரு ஐந்நூறு ரூபாய்க்காவது வாங்கிவிட வேண்டும். 2020-ல் ஊரடங்கு போட்டபோது பெரிய கடை வாசலில் வட்டம் வரைந்து வரிசையில் நிற்க வைத்தார்கள். முனைக்கடைக்காரர்தான் பால் பவுடரையும் ரவையையும் கேட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, "நோட்டுல எழுதிக்கறேன், போங்கம்மா" என்றார்.