பன்னிருவர் குடும்பம்

"சிறிய கந்தோர், பன்னிரண்டே பேர். முதலாளி, ஊழியர் என்ற பேதமில்லை. ஒரு குடும்பம் போலவே இருக்கிறோம்." இவ்வாறு கூறித்தான் நம் பிள்ளைகளை வேலைக்கு அழைக்கிறார்கள். குடும்பம் என்பது கேட்பதற்கு இனிய சொல். ஆனால் எந்தக் குடும்பத்திலும் சுகவீனத்தால் படுத்தவளுக்கு அன்றைய சோற்றை வெட்டுவதில்லை. மாத முடிவில் ஒரு கடிதம் கொடுத்து வீட்டைவிட்டு அனுப்புவதுமில்லை. இந்த இனிய சொல் எதை மறைக்கிறது என்று ஆராய்வதே நமது நோக்கம்.

வாகரையில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்குக் கொழும்புக் கந்தோர்களைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். அங்கே வேலை செய்வோர் நாம் கற்பித்த பிள்ளைகள். பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறியவர்கள். அவர்களுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்ததும் நாமே. சான்றிதழ் கொடுத்த கைக்குக் கேள்வி கேட்கும் கடமையும் உண்டு.

கடந்த சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் நம் பழைய மாணவி ஒருத்தி நம்மைக் காண வந்தாள். மருந்துக் கம்பனிகளுக்காகச் சந்தை ஆய்வு செய்யும் சிறிய ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை. பகலில் வைத்தியர்களைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நோய்க்கு எந்த மருந்தை எழுதுகிறீர்கள், ஏன் அதை எழுதுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். மாலையில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும். வாடிக்கையாளர் மேல்நாட்டில் இருப்பதால் அவர்களுக்குப் பகல் விடியும்போது இவளுக்கு இரவு. அறிக்கையில் திருத்தம் கேட்டு இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வரும். மேலதிக நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டபோது, "வீட்டு வேலைக்கு யாராவது கூலி கேட்பார்களா, மகள்?" என்று சிரித்தாராம் முதலாளி.

தமிழ் தெரிந்தவள் என்பதால் அவளைக் கிழக்கு மாகாணத்துக்கும் அனுப்பினார்கள். நீரிழிவு நோயாளரைக் கண்டு கேள்வித்தாளை நிரப்பும் வேலை. நம்மூரவர் கேள்வித்தாளுக்குப் புதியவர்கள் அல்லர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் வந்து போன பின்னும், 2006இலும் 2007இலும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து திரும்பிய பின்னும், எத்தனையோ படிவங்களுக்கு விடை சொல்லி ஓய்ந்தவர்கள். அப்படி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாக விடை கூறிவிட்டு, இறுதியில் தாம் ஒரு கேள்வி கேட்டார்: "மகள், இதை எழுதி ஆருக்குக் குடுக்கப் போறீங்க?"

நம் மாணவிக்கு விடை தெரியவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் கம்பனியின் பெயரை விடை சொல்பவருக்கு மறைத்து வைப்பது இத்தொழிலில் வழக்கம். கேள்வி கேட்பவளுக்கும் அதைச் சொல்லவில்லை. யாருக்காக உழைக்கிறோம் என்பதையே அறியாத உழைப்பு அது.

நிற்க. அறிவுத் துறையில் வேலை, குளிரூட்டிய அறை, மருத்துவத்துக்குச் செய்யும் தொண்டு என்று இதனைப் புகழ்வோரும் உளர். அவர்களது வாதத்தை ஒதுக்கிவிடாது ஆராய்வோம்.

நோய்களையும் மருந்துகளையும் எண்ணிக் கணக்கெடுப்பது அவசியமான பணி என்பதை மறுப்பார் இலர். கேள்வி, யாருக்காக எண்ணுவது என்பதே. 1954இல் தோன்றிய ஐ.எம்.எஸ். என்ற நிறுவனம் மருந்து விற்பனைக் கணக்குகளைத் திரட்டி மருந்துக் கம்பனிகளுக்கு விற்பதை உலகளாவிய வர்த்தகமாக வளர்த்தது. எந்த வைத்தியர் எந்த மருந்தை எத்தனை முறை எழுதுகிறார் என்ற விவரமும் அமெரிக்காவில் விற்பனைப் பொருளாயிற்று. விற்பனைப் பிரதிநிதி வைத்தியரின் அறைக் கதவைத் தட்டுமுன்பே அவரது வழக்கத்தை அறிந்திருந்தான். 2007இல் வெர்மொண்ட் மாநிலம், வைத்தியரின் சம்மதமின்றி அந்த விவரத்தை விளம்பரத்துக்கு விற்கலாகாது என்று சட்டம் இயற்றியது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது. ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம். பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் வியாபாரம் வென்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் ஒருவர் மருந்துகளை எண்ணினார். அவர் பேராசிரியர் சேனக பிபிலே. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து மருந்து வழங்கலை ஆராய்ந்து அவர் அளித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன் முதல் தலைவரும் அவரே. ஏறக்குறைய 2,100 மருந்துகள் இருந்த இடத்தில் 600 அளவே போதும் என்று வகுத்தனர். வணிகப் பெயரை விட்டு மருந்தின் இயற்பெயரால் வாங்கினர். உலகெங்கும் விலை கேட்டு, மலிவாகவும் தரமாகவும் கிடைத்த இடத்தில் கொள்வனவு செய்தனர். இதுவும் சந்தை ஆய்வுதான். ஆனால் அதன் எசமானர் மக்கள். பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். அவர் எழுப்பிய கேள்வி காலமாகவில்லை.

விற்பனையை மட்டும் எண்ணும் ஆய்வு, வாங்க வசதியுள்ளவனையே காணும். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாழைச்சேனைக்குப் பஸ் ஏறப் பணமின்றி மர நிழலில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்நாளில் நாட்டுக்குத் தேவைப்பட்டது தேவையின் கணக்கு. நம் பிள்ளைகள் கண்விழித்துத் திரட்டுவதோ விருப்பின் கணக்கு.

அடுத்த வாதம்: "சிறிய நிறுவனம், பாவம், சட்டமெல்லாம் பேசினால் மூடிவிட்டுப் போவார்கள்." இதில் ஓரளவு உண்மை உண்டு. பெரிய மருந்துக் கம்பனி பெரிய ஆய்வு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்கிறது. அது சிறிய நிறுவனத்துக்குத் தள்ளுகிறது. சிறியவர் அதைப் பேட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி நம் மாணவியின் தலையில் இறக்குகிறார். அவரும் நேற்று வரை ஊழியராய் இருந்தவராகலாம். அவர்மீது விழும் நெருக்குதலை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் மேலே உள்ளவன் மிதிக்கிறான் என்பது கீழே உள்ளவளை மிதிப்பதற்கு அனுமதிச் சீட்டாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளொன்றுக்கு வேலை 8 மணி. வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். இவற்றில் எதுவும், கந்தோர் சிறியதென்பதால் இல்லாது போவதில்லை. இவள் கையில் கடிதமுமில்லை. சேமலாப நிதி இலக்கமுமில்லை.

சிறுமை எங்கே பயன்படுகிறது தெரியுமா? 1971ஆம் ஆண்டின் சட்டம், ஒழுக்கக் குற்றமின்றி ஒருவரை நீக்குவதாயின் அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது. ஆனால் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அது பொருந்தாது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு உழைத்தவருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்கிறது. அங்கும் அதே 15. அதற்குக் குறைந்தால் தொழில் நியாயசபையின் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். ஆகவே பன்னிரண்டு என்ற எண்ணிக்கை பாசத்தின் அளவாக மட்டும் இருப்பதில்லை. சட்டத்தின் வேலி முடியும் இடத்தில்தான் "குடும்பம்" என்ற பேச்சு தொடங்குகிறது.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு முன் இதே மாணவி தொலைபேசியில் அழுதபோது நாம் என்ன சொன்னோம்? "பொறுத்துக்கொள், பிள்ளை, கிடைத்த வேலையை விட்டுவிடாதே, அனுபவம் வரும்." குறளின் 11ஆம் அதிகாரமாகிய செய்ந்நன்றியறிதலை ஆண்டுதோறும் விளக்கும் நாம், நன்றிக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையேயுள்ள எல்லையை ஒருநாளும் விளக்கவில்லை. உத்தியோகம் கிடைக்கும்வரை படிப்பித்தோம். கிடைத்தபின் நிமிர்ந்து நிற்கப் படிப்பிக்கவில்லை. வருடப்பிறப்பு முடிந்து அவள் கொழும்புக்குத் திரும்பிய வாரமே, "செலவைக் குறைக்கிறோம்" என்ற ஒற்றை வரியுடன் குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டாள். காய்ச்சலால் வராத மூன்று நாட்களின் சம்பளமும் கழிக்கப்பட்டிருந்தது.

அவளுக்காக அனுதாபப்படுவது எளிது. அதனால் ஆவது ஒன்றுமில்லை. செய்யத்தக்கவை உள. பணிக்கொடைக்கும் நீக்கத்துக்கும் சட்டம் வகுத்த 15 என்ற எல்லை திருத்தப்பட வேண்டும். ஒருவரே வேலை செய்தாலும் அவரும் ஊழியரே. நற்சான்றிதழுக்காக வரும் ஒவ்வொரு மாணாக்கருக்கும், நியமனக் கடிதத்தில் எதைத் தேட வேண்டும் என்பதை ஆசிரியராகிய நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னுமோர் எண்ணையும் அவர்களுக்குச் சொல்லிவைப்போம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். அவர்கள் ஒரே கந்தோரில் இருக்க வேண்டுமென்பதுமில்லை. 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ, ஊழியரில் 40 வீதத்தினர் உறுப்பினராயுள்ள சங்கத்துடன் பேச மறுப்பதைக் குற்றமாக்கியது. பன்னிருவர் கந்தோரில் ஐவர் சேர்ந்தால் அந்த 40 வீதம் நிறைந்துவிடும்.

"ஆருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்ட மூதாட்டிக்கு நாம் இன்னும் விடை கடன்பட்டிருக்கிறோம். உழைப்பவர் தம் உழைப்பின் நிபந்தனைகளைத் தாமே பேசித் தீர்க்கும் நாளில்தான், அந்த உழைப்பு யாருக்கு என்ற கேள்வியையும் அவர்களால் அச்சமின்றிக் கேட்க முடியும். அந்நாள் வரும் வரையில், "குடும்பம்" என்று அழைக்கும் முதலாளிகளிடம் நம் பிள்ளைகள் முதலில் சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்கட்டும்.