கரகரத்த ரேடியோவும் நடுங்கும் விமானமும்



இந்த முறை இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும். செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கும் கடிதத்துக்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருடைய மகனுக்குப் பதினெட்டு வயது. எஸ்.பி.எம். முடித்துவிட்டுக் காடிப் பட்டறையில் வேலை பழகுகிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கணினியில் விமானம் ஓட்டுவதற்கென்று 'திராட்டில்' என்னும் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினானாம். மூன்று மாதம் ஒழுங்காக இருந்தது. இப்போது கையை எடுத்துவிட்டாலும் திரையில் விமானத்தின் இயந்திரம் தானாக உறுமுகிறது, தானாக அடங்குகிறது. பட்டணத்துக் கடையில் காட்டியதற்கு, "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரருக்குக் கோபம். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "இதைச் சரிசெய்ய முடியுமா, அல்லது நாங்கள் ஏமாந்துவிட்டோமா?" என்று கேட்கிறார்.

அம்மா, நீங்கள் ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பழுதைப் பெரும்பாலும் வீட்டிலேயே பார்க்கலாம். சில சமயம் ஒரு காசுகூடச் செலவாகாது. ஆனால் எடுத்த எடுப்பில் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது. எங்கே நோய் என்று தெரிந்த பிறகுதான் மருந்து.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியை முறுக்கினால் இயந்திரம் வேகம் எடுக்கிறது அல்லவா? விமானத்தில் அந்த வேலையைச் செய்வது விமானியின் கைக்கருகே இருக்கும் ஒரு நெம்புகோல். முன்னே தள்ளினால் சக்தி கூடும்; பின்னே இழுத்தால் குறையும். அதன் வீட்டு வடிவந்தான் இந்தப் பெட்டி. கணினியில் விமானம் ஓட்டுவது நேற்று முளைத்த பைத்தியமும் அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஃபிளைட் சிமுலேட்டர்' முதலில் வெளிவந்தது 1982-இல். 2020 ஆகஸ்டில் அதன் புதிய பதிப்பு வந்தபோது, நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டினால் வீட்டோடு இருந்த பிள்ளைகள் பலர் அதில் இறங்கினார்கள்.

இப்போது வீட்டிலுள்ள பெரியவர்கள் சற்று முன்னால் வந்து உட்காருங்கள். ஏனென்றால் இது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பழுது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகும்போது 'கரகர' என்று ஒரு சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? குமிழை இப்படியும் அப்படியும் நாலு தடவை திருகினால் அடங்கிவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கரகரக்கும். அந்தக் குமிழுக்கு அடியில் இருந்த அதே உறுப்புதான், பல திராட்டில் கருவிகளின் நெம்புகோலுக்கு அடியிலும் இருக்கிறது. ரேடியோக்காரர்கள் அதை வால்யூம் கண்ட்ரோல் என்பார்கள். முழுப் பெயர் பொட்டென்ஷியோமீட்டர்.

உள்ளே குதிரை லாடம்போல் வளைந்த ஒரு கரித்தடம். அதன்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும். தடத்தின் இரு முனைகளுக்கும் சிறிதளவு மின்சாரம் கொடுக்கப்படுகிறது. நாக்கு நிற்கும் இடத்துக்குத் தக்கபடி அதில் மின்னழுத்தம் கூடும், குறையும். பெட்டிக்குள் இருக்கும் சில்லு அந்த அழுத்தத்தை அளந்து ஓர் எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. பல கருவிகளில் அது 0 முதல் 1023 வரை போகும். நெம்புகோல் நடுவில் நின்றால் ஏறக்குறைய 512. தடத்தில் தூசி படிந்தாலும், நாக்கு உரசி உரசிக் கரி தேய்ந்தாலும், ஒரு கணம் தொடர்பு விட்டுப் போகும். 512 என்று இருக்க வேண்டிய எண் 300-க்கும் 700-க்கும் தாவும். ரேடியோவில் இதைக் காதால் கேட்டோம். பையன் கண்ணால் பார்க்கிறான்.

ஆனால் எல்லா நடுக்கமும் தூசியால் வருவதல்ல. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டை மூடிவிடுங்கள். விண்டோஸ் கணினியில் தேடும் இடத்தில் 'யூஎஸ்பி கேம் கண்ட்ரோலர்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சிறு பட்டியல் வரும். அதில் உங்கள் கருவியைத் தேர்ந்து, 'புரோப்பர்ட்டீஸ்' என்பதை அழுத்துங்கள். நெம்புகோல் நகர்வதை ஒரு கோடு காட்டும். நெம்புகோலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மிக மெதுவாக, பத்து எண்ணும் நேரத்தில் தள்ளுங்கள். அங்கங்கே கையை எடுத்துவிட்டு, கோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் கோடு துள்ளுகிறதா? அந்த இடத்தில் தூசி அல்லது தேய்மானம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒரே மாதிரி நடுங்குகிறதா? அப்படியானால் மின்சாரம் வரும் வழியைச் சந்தேகியுங்கள். திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்து உச்சிக்குப் பாய்கிறதா? உள்ளே ஒரு கம்பியின் ஈயப்பற்று விட்டிருக்கலாம். இந்தத் திரையில் கோடு அசையாமல் நிற்க, விளையாட்டில் மட்டும் இயந்திரம் உறுமுகிறதா? கருவியில் கோளாறே இல்லை. கோளாறு விளையாட்டின் அமைப்பில் இருக்கிறது. கடைக்காரர் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் ஒப்படைக்கப்பட்டிருக்கும். பல ஜாய்ஸ்டிக்குகளின் அடியில் சிறிதாக ஒரு திராட்டில் நெம்புகோல் உண்டு. அதுவும் பெரிய திராட்டிலும் ஒரே சமயத்தில் கட்டளை இட்டால், இரண்டு மண்டோர் ஒரே ஆளை இரண்டு பக்கம் அனுப்பிய கதைதான். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கருவியாகத் திறந்து, 'திராட்டில்' என்பது ஒன்றில் மட்டும் இருக்கும்படி செய்து, மற்றதில் நீக்கிவிடுங்கள்.

மின்சார வழி என்று தோன்றினால், கருவியின் கம்பி எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே துளையிலிருந்து நாலைந்து கிளை பிரிக்கும் பெட்டியில் சொருகியிருந்தால் அதிலிருந்து எடுத்து, கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகுங்கள். கிளைப் பெட்டிதான் வேண்டுமென்றால், சுவரிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும் வகை நல்லது. நீட்டிப்புக் கம்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். விண்டோஸில் இன்னொரு தொல்லை உண்டு: மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அது யூஎஸ்பி துளையை உறங்க வைத்துவிடும். 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' என்பதன் 'பவர் மேனேஜ்மெண்ட்' பக்கத்தில் உள்ள அந்த அனுமதியின் குறியை எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கணினியில் சொருகிப் பார்ப்பது எல்லாவற்றையும்விடச் சுலபமான சோதனை. அங்கேயும் நடுங்கினால் நோய் பெட்டிக்குள்தான்.

சிலர் மருந்து தேடாமல் 'டெட் சோன்' என்பதைக் கூட்டி வைத்து நோயை மறைப்பார்கள். சிறு அசைவைக் கணினி பொருட்படுத்தாதபடி செய்யும் ஏற்பாடு அது. நெம்புகோலின் இரு கோடிகளில் கொஞ்சம் வைத்தால் நல்லதே. முழுச் சக்தியும் முழு அடக்கமும் ஒழுங்காகக் கிடைக்கும். நடுவில் துள்ளும் துள்ளலுக்கு அது மருந்தாகாது.

இனிப் பெட்டியைத் திறக்கும் கட்டம். அதற்கு முன் ஒரு செலவில்லாத வைத்தியம்: கம்பியைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, நெம்புகோலை முழு நீளத்துக்கும் முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ரேடியோக் குமிழைத் திருகிய அதே முறை. இலேசான தூசியாக இருந்தால் நாக்கே அதைத் துடைத்துவிடும்.

அடங்கவில்லையா? திறக்கலாம். திறக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். திருகாணிகளை ஒரு மைலோ டின் மூடியில் போட்டு வையுங்கள். சிறு வில்கள் தெறித்து ஓடும், கவனம். உள்ளே எறும்பு குடியிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிய பிறகு, பொட்டென்ஷியோமீட்டரின் கால்களுக்கு மேலே உள்ள சிறு இடுக்கு வழியாகக் 'காண்டாக்ட் கிளீனர்' என்னும் திரவத்தை ஓர் இழுப்பு மட்டும் அடித்து, நெம்புகோலை மறுபடி நன்றாக ஆட்டுங்கள். பிளாஸ்டிக்கைக் கெடுக்காது என்று டப்பாவில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் அடுத்த மாதத் தூசிக்கு அதுவே பாய் விரிக்கும். நெம்புகோலின் மூட்டுகளில் கெட்டியான மசகு தடவியிருந்தால் அதன்மேல் படாமல் அடியுங்கள். தள்ளும்போது கைக்குக் கனம் தருவது அந்த மசகுதான்.

தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தத் திரவம் தீப்பற்றக்கூடியது. அடுப்படியிலோ, கொசுவர்த்தி புகையும் அறையிலோ வேண்டாம். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யட்டும். நன்றாக உலர்ந்த பிறகுதான் கம்பியைச் சொருக வேண்டும்.

கரித்தடமே தேய்ந்திருந்தால் கழுவி என்ன பயன்? அந்த உறுப்பை மாற்றத்தான் வேண்டும். தேய்ந்ததா என்று பார்க்க, முள் ஓடும் பழைய மல்டிமீட்டர் புதிய எண் மீட்டரைவிட மேலானது. அந்த உறுப்பின் சொருகியைப் பலகையிலிருந்து கழற்றி, நடுக்காலிலும் ஓரக்காலிலும் முனைகளை வைத்து மெதுவாகத் திருப்பினால் முள் சீராக ஏற வேண்டும். ஓரிடத்தில் முள் உதறினால் தடம் போய்விட்டது. தாத்தா வீட்டுப் பெட்டியில் அந்த மீட்டர் இன்னும் இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள்.

புதிய உறுப்புக்குச் சில வெள்ளிதான் ஆகும். கோலாலம்பூரில் ஜாலான் பசார் பக்கம், சிங்கப்பூரில் சிம் லிம் டவர், இங்கெல்லாம் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தண்டின் நீளமும் வடிவமும் ஒத்திருக்க வேண்டும். அதன் முதுகில் 'பி 10 கே' என்பதுபோல் பொறித்திருக்கும். பத்தாயிரம் ஓம் என்பது அளவு. முன்னால் உள்ள எழுத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆசிய நாட்டுத் தயாரிப்புகளில் 'பி' என்றால் சீராக ஏறுவது. 'ஏ' என்றால் காதுக்கு ஏற்றபடி முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுவது. ரேடியோவில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது வகை. ஆகையால் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கி இதில் வைத்தால், நெம்புகோல் பாதி தூரம் போகும்வரை விமானம் சோம்பிக் கிடந்து, அப்புறம் ஒரேயடியாகப் பாயும்.

ஈயம் பற்றவைக்கும்போது நடுக்கம்பி நடுக்காலுக்கே போக வேண்டும். ஓரத்துக் கம்பிகள் இரண்டும் இடம் மாறினால் பெரிய குற்றமில்லை. தள்ளினால் குறையும், இழுத்தால் கூடும், அதை அமைப்பில் திருப்பிக்கொள்ளலாம். நடுக்கம்பி ஓரத்துக்குப் போனால் ஒரு கோடியில் மின்சாரம் குறுக்கே பாய்ந்து பலகையே கருகக்கூடும். எல்லாம் முடிந்ததும், முன்னே சொன்ன அதே 'புரோப்பர்ட்டீஸ்' பகுதியில் 'காலிபரேட்' என்பதை அழுத்தி, புதிய உறுப்பின் இரு கோடிகளையும் கணினிக்குக் காட்ட வேண்டும்.

தகப்பனாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஓட்டும் விமானத்தின் மணிக்கணக்கு விமானி உரிமத்துக்குச் சேராது. அப்படி யாரும் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் ஐயா, உங்கள் மகன் பழகுவது காடிப் பட்டறையில். இப்போது வரும் காடிகளில் பெடலை மிதித்தால் பெரும்பாலும் கம்பி இழுப்பதில்லை. பெடலின் நிலையை ஓர் உணரி அளந்து கணினிக்கு எண்ணாகச் சொல்கிறது. இயந்திரத்தின் திராட்டில் வாயிலும் அப்படியே ஓர் உணரி. பழைய வகைகளில் அதுவும் இதே கரித்தடமும் நாக்குந்தான். தேய்ந்தால் காடி நின்ற இடத்தில் உதறும், மிதித்தால் திக்கும். பெடலில் இரண்டு தடங்களை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்று உளறினால் கணினி கண்டுகொண்டு வேகத்தை அடக்கிவிடும். இந்தப் பெட்டியைத் திறந்து சரிசெய்த பையனுக்குப் பட்டறையில் அந்தப் பாடத்தை இரண்டாவது தடவை சொல்லித்தர வேண்டியிருக்காது. கோபத்தை விட்டுவிட்டு மீட்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

இனிமேல் வாங்குகிறவர்களுக்கு: 'ஹால்' உணரி என்று விற்கும் கருவிகளில் கரித்தடம் கிடையாது. ஒரு காந்தம் நகர, உணரி தொடாமலே அதை அளக்கும். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. விலை கூடுதல். அவற்றிலும் காந்தம் ஆட்டம் கண்டால் நடுக்கம் வரும். பெரிய ஒலிபெருக்கியைப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைப்பதும் நல்லதல்ல. பழையதாக வாங்கினால், விற்பவர் வீட்டுக் கணினியிலேயே சொருகி, அந்தக் கோட்டைத் திரையில் வரவழைத்து, நெம்புகோலைப் பத்து எண்ணும் நேரத்தில் ஒரு தடவை தள்ளிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.