வெறும் வலைக்கு யார் பொறுப்பு?

தொண்டைமானாற்றிலிருந்து கட்டைக்காடு வரை வடமராட்சிக் கரையிற் கடற்றொழில் பெரும்பாலும் பங்கு முறையிலேயே நடைபெறுகிறது. மீன் விற்ற பணத்திற் செலவைக் கழித்து, எஞ்சியதைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்குமாகப் பிரிப்பர். முதலிட்டவருக்குப் பங்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அப்பங்கு ஏன் இத்துணைப் பெரிது என்று கேட்டால், "நட்டம் வந்தால் எனக்கன்றோ!" என்பதே விடை.

வலை வெறுமையாய் வந்த நாளில் நட்டம் யாருடையது? ஆளுக்குக் கூலி இல்லை. அவன் வாங்கிய முற்பணம் கடனாகவே நிற்கிறது. எரிபொருட் செலவோ, மறுநாள் பங்கு பிரிக்குமுன் பொதுப்பணத்திற் கழிக்கப்படுமாயின், இடருக்கென்று வாங்கிய பங்கு எந்த இடரைத் தாங்கிற்று?

இவ்வழக்கு மிகப் புதிய தொழில் ஒன்றிலும் எழுந்தது. 2009இல் தோன்றிய பிட்கொயின் என்னும் கணினி நாணயத்தை நாடி, உலகெங்கும் கணினிகள் போட்டியிடுகின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவருக்கே பரிசு. 2024 ஏப்ரல் முதல் அது 3.125 நாணயம். தனித்து முயல்பவன் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேரும். ஆதலால், 2010 முதல் பலர் கூட்டுச் சேர்ந்து, உழைப்பின் அளவுக்கேற்பப் பரிசைப் பங்கிடுகின்றனர்.

ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே கணக்கிட்டுப் பிரித்தபோது, தொடக்கத்திற் சேர்ந்து, சுற்று நீண்டதும் வேறு கூட்டுக்குத் தாவியவர் கூடுதலாகப் பெற்றனர். நிலைத்து உழைத்தவர் இழந்தனர். இதற்கு இரு வழிகள் கண்டனர். ஒன்று, பரிசு வராவிடினும் செய்த வேலைக்கு நடத்துநரே பணம் கொடுப்பது. இடர் அவருடையது, ஆகையால் அவர் எடுக்கும் கழிவும் கூடுதல். மற்றது, அண்மைக்கால உழைப்பு முழுவதையும் எண்ணிப் பிரிப்பது. இடர் உறுப்பினருடையது; ஆகையாற் கழிவு குறைவு.

முகமறியாதாரிடையே இயன்ற இந்த நியாயம், ஒரே படகில் உயிரைப் பணயம் வைப்பாரிடையே இயலாதா? இடர்ப்பங்கு கேட்கும் முதலாளி வெறும் வலை நாளுக்கும் ஒரு படி கொடுக்கட்டும். கொடாராயின் தம் பங்கைக் குறைக்கட்டும். ஒருநாட் பாட்டைக் கொண்டு பிரியாது, ஒரு கிழமை உழைப்பைக் கொண்டு பிரிக்கட்டும். அப்போது நல்ல நாளில் மட்டும் வருபவன், மெலிந்த நாளில் நின்றவனின் பங்கை உண்ணமாட்டான். கணக்கேட்டை ஒவ்வோர் ஆளும் பார்க்கட்டும்.

நெல்வயற் குத்தகைக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வரம்பு வகுத்தது. அந்த நியாயம் அறிந்த உழவரும், கணக்கறிந்த கற்றோரும் கடலோரத்தாரின் பக்கம் நிற்றல் வேண்டும். வெறும் வலை வந்த நாளிற் பட்டினி கிடந்தவனுக்கு, நிறைந்த வலை வரும் நாளிற் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.